முத்தம் கடைசியில்தான்!

கிறிஸ்துமஸ் நெருங்கினால் போதும், அமெரிக்காவின் ஹால்மார்க் சேனலில் காதல் மழைதான்! 2009-ல் தொடங்கிய வரிசை இது. துணைச் சேனலையும் சேர்த்து 2019-ல் மட்டும் 40 புதுப் படங்கள்.

கதை? நகரத்தில் ஓடி ஓடி உழைக்கிற பெண் சின்ன ஊருக்கு வருவாள். அங்கே ஒரு நல்லவன். நடுவில் சின்ன மனஸ்தாபம். கடைசி நிமிஷத்தில் முத்தம். 'போன வாரமும் இதைத்தானே பார்த்தோம்' என்கிறீர்களா? அதுதாங்க விஷயமே! முடிவு தெரிந்த கதையில் படபடப்பு கிடையாது. அலுத்த மனசுக்கு அது ஈஸிசேர் மாதிரி. ரத்தமில்லை, கத்தியில்லை, பாட்டியும் பேத்தியும் சேர்ந்தே பார்க்கலாம்.

பனிகூடப் பல படங்களில் நிஜமில்லை. கனடாவின் வான்கூவர் பக்கம், கோடை வெயிலில் செயற்கைப் பனியைக் கொட்டி, கனத்த கோட்டுக்குள் வியர்க்க வியர்க்க நடிப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் படப்பிடிப்பு ஓவர். அந்த அவசரம் வசனத்தில் தெரியும்.

அதையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆனால், மனைவியை இழந்த நாயகனின் துக்கம் ஒன்றரை மணி நேரத்தில் கரைந்துபோகிறதே, அதுதான் உறுத்துகிறது. அதே துக்கத்தோடு தனியாக டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு, 'நமக்கு மட்டும் ஏன் ஆறவில்லை?' என்று நெஞ்சை அடைக்கும். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால், அதே படத்தைக் கிண்டலடித்துச் சிரித்திருப்பார்.