துணியும் உடுப்பும்

ஆங்கிலத்தில் ‘குளொத்’, ‘குளோத்ஸ்’ என இரு சொற்கள் உள. முன்னது ஒருமை, பின்னது அதன் பன்மை என எண்ணி இடர்ப்படும் மாணவர் பலர். தீபாவளியைப் பற்றிக் கட்டுரை வரையும்போது ‘புதிய குளொத் அணிந்தேன்’ என எழுதிவிடுகின்றனர். ஆங்கிலம் அறிந்தார்க்கு அது, கடையில் வெட்டி வாங்கிய துணியைத் தைக்காமலே சுற்றிக்கொண்டது போலத் தோன்றும்.

குளொத் என்பது நெய்த துணி. குளோத்ஸ் என்பது உடுக்கும் உடுப்பு. ‘துணி வாங்கி உடுப்புத் தைப்பித்தோம்’ என்று நம் வீடுகளில் நாளும் பேசுகிறோம். அவ்வேறுபாடே இது. தையல்தான் இரண்டையும் பிரிப்பதோ எனின், அன்று. சேலைக்கும் வேட்டிக்கும் தையலில்லை; ஆயினும் அவையும் குளோத்ஸ் என்பதனுள் அடங்கும். உடுத்தற்கு அமைந்தது எதுவோ அதுவே உடுப்பு.

குளோத்ஸ் என்னும் சொல்லுக்கு ஒருமை இல்லை. ஒன்றைக் குறிக்க வேண்டின் சட்டை, பாவாடை என அதன் பெயரை ஆங்கிலத்திற் சொல்லலாம். ‘ஒரு குளொத்’ என்றால் மேசை விரிப்போ துடைக்கும் துணியோ ஆகும். அதன் பன்மை ‘குளொத்ஸ்’. ‘அம்மா குளொத்ஸ் தோய்த்தார்’ என்று எழுதினால், அடுக்களைத் துணிகளைத் தோய்த்தார் என்றே பொருள்படும்.

ஒலியிலும் வேறுபாடுண்டு. துணியைக் குறிப்பதில் ஒகரம் குறில். உடுப்பைக் குறிப்பதில் நெடில். பின்னதன் தகரம் ‘அது’ என்பதிற்போல மெலிந்தொலிக்கும். விரைந்த பேச்சில் அது மறைந்து, மூடுதலைக் குறிக்கும் ‘குளோஸ்’ போல ஒலித்தலும் வழக்கே.

இவ்வேறுபாட்டை நம் நாட்டு வணிகத்திலும் காணலாம். வெள்ளவத்தையில் முன்னாளில் இயங்கிய நூற்பு நெசவாலை ஆக்கியது துணி. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, 1978 இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் தொடங்கிய பின்னர்ப் பெருகிய தொழிற்சாலைகள் ஆக்குவன உடுப்புகள். இலங்கை பெருமளவில் துணியை இறக்குமதி செய்து உடுப்பை ஏற்றுமதி செய்கின்றது. இரு சொற்களையும் மயங்கிய மாணவன், பொருளியல் விடைத்தாளில் வரவைச் செலவாகவும் செலவை வரவாகவும் எழுதிவிடக்கூடும்.

ஆகவே, ஐயம் எழும்போது அகராதியைத் தேடுமுன், ‘துணியா, உடுப்பா?’ என்று தாய்மொழியிற் கேட்டுக்கொள்க. விடை அங்கேயே உள்ளது.