குடத்துக் காகத்துக்கு ஒரு பரீட்சை

தாகமெடுத்த காகம் குடத்தில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் குடித்த கதை, ஈசாப் பெயரில் வழங்கும் பழைய கிரேக்கக் கதை. நாம் அதிலிருந்து 'முயன்றால் முடியும்' என்ற நீதியை எடுத்துக்கொண்டு காகத்தை விட்டுவிட்டோம். ஆனால் முதல் நூற்றாண்டு ரோமானியரான மூத்த பிளினி, அண்டங்காக்கை ஒன்று இப்படிச் செய்ததாகத் தம் இயற்கை வரலாற்று நூலில் செய்தியாகவே எழுதிவைத்திருக்கிறார்.

அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் கிறிஸ்டோபர் பேர்டும் நேதன் எமரியும். இங்கிலாந்தில் நடத்தி 2009-ல் வெளியிட்ட அவர்களது ஆய்வில், காகக் குடும்பத்தைச் சேர்ந்த 'ரூக்' பறவைகள் நான்கின் முன் தண்ணீர்க் குழாயை நிறுத்தினார்கள். அலகுக்கு எட்டாத ஆழத்தில் ஒரு புழு மிதந்தது, பக்கத்தில் கற்கள். இரண்டு பறவைகள் முதல் தடவையிலேயே புழுவைத் தின்றுவிட்டன, மற்ற இரண்டும் அடுத்த தடவையில். சின்னக் கல்லைவிடப் பெரிய கல்லே மேல் என்பதையும் சீக்கிரமே கண்டுகொண்டன. இத்தனைக்கும், காட்டில் ரூக் எந்தக் கருவியையும் கையாண்டதாகத் தெரியவில்லை!

சரி, நம் பாடப்புத்தகப் படத்துக்கு வருவோம். குடத்தின் அடியில் துளி தண்ணீர், ஓரத்தில் காகம். அந்தக் காகம் தாகத்தோடுதான் பறந்து போயிருக்கும். குடம் நிறையக் கூழாங்கல் போட்டாலும் கற்களுக்கு நடுவே ஏறக்குறைய 40 சதவீத இடம் வெறுமையாகவே இருக்கும். தண்ணீர் முதலில் அந்தச் சந்துகளை நிரப்பியாக வேண்டும். குடத்தில் கால்பங்குதான் தண்ணீர் என்றால் அது கற்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், விளிம்புக்கு வரவே வராது. காகம் ஜெயிக்க, குடம் பாதிக்குப் பக்கமாவது நிறைந்திருக்க வேண்டும். ஓவியர்கள் கவனிக்கலாம்.

2014-ல் நியூ கலிடோனியா காகங்களுக்கு வைத்த பரீட்சை இன்னும் கடினம். மிதக்கும் பொருளை ஒதுக்கி மூழ்குவதை எடுத்தன. மணல் குழாயை விட்டுத் தண்ணீர்க் குழாயைத் தேர்ந்தன. தடுமாறிய இடங்களில் ஒன்று: அடியில் மறைவாக இணைத்த இரண்டு குழாய்கள். ஒன்றில் கல் போட்டால், இரை இருக்கும் மற்றொன்றில் தண்ணீர் ஏறும். காகங்களுக்கு அது பிடிபடவில்லை. இதே மாதிரி ஏற்பாட்டைக் குழந்தைகளுக்கும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சற்றே வளர்ந்த பிள்ளைகள், தண்ணீர் ஏன் ஏறுகிறது என்று தெரியாமலேயே, சரியான குழாயில் கல்லைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.