உஷார்! பிங் வருகிறதே என்று நம்பிவிடாதீர்கள்

"வி.பி.என். டனல் பச்சையாத்தான் சார் காட்டுது, பிங்கும் வருது. ஆனா பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் திறக்கவே மாட்டேங்குது." கிளை அலுவலகத்திலிருந்து இப்படி ஒரு போன் வந்தால், ஐ.டி. பொறுப்பில் இருப்பவர் அந்த நொடியே விழித்துக்கொள்ள வேண்டும். பழுது பெரும்பாலும் சின்னதுதான். ஆபத்து, அதைச் சரிசெய்யும் அவசரத்தில் இருக்கிறது.

பில் போட முடியாமல் வேலை நிற்கிறது. மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று சொல்லி, டேட்டா சென்டர் சர்வரின் 3389 போர்ட்டை யாரோ இணையத்துக்கு நேராகத் திறந்துவிடுகிறார். ரிமோட் டெஸ்க்டாப் பளிச்சென்று வருகிறது, எல்லோருக்கும் நிம்மதி. அந்தப் போர்ட் எங்கே திறந்திருக்கிறது என்று இணையம் முழுக்க ஹேக்கர்கள் இரவும் பகலும் துழாவிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. 2019 மே மாதம் அம்பலமான ப்ளூகீப் ஓட்டை, பழைய விண்டோஸ் இயந்திரங்களுக்குள் பாஸ்வேர்டே இல்லாமல் புக வழிவிட்டது இதே ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத்தான்.

பழுது பார்க்க உருவாக்கிய தற்காலிக வி.பி.என். கணக்கை அழிக்காமல் விடுவதும் இதே அளவு ஆபத்து. 2021-இல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் கொள்ளையர்கள் நுழைந்தது, புழக்கத்திலேயே இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு வழியாக. அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடையாது, வெறும் பாஸ்வேர்ட்தான். பல நாட்கள் குழாயில் எரிபொருள் ஓடவில்லை. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், பணயத் தொகையாகப் போனது.

சரி, பிங் வந்தும் ஏன் வேலை நடக்கவில்லை? ரயில்வே சப்வேயில் பைக் தாராளமாகப் போகும், லோடு ஏற்றிய லாரி உள்ளே மாட்டிக்கொள்ளும். பிங்தான் அந்த பைக். விண்டோஸில் அது சும்மா 32 பைட் தரவைத்தான் அனுப்புகிறது. வழக்கமான ஈதர்நெட் பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். அதை ஐ.பி.செக் டனலுக்குள் பூட்டி அனுப்பும்போது 50 முதல் 80 பைட் வரை மேலே ஏறுகிறது. லைன் பிபிபிஓஇ வகையாக இருந்தால் இன்னும் 8 பைட் இடம் குறையும். அப்புறம் 1500 எப்படி உள்ளே நுழையும்?

இப்படி ஆகும் என்று தெரிந்து, 1990-லேயே ஓர் ஏற்பாடு செய்துவைத்தார்கள். பாக்கெட் பெரிதாக இருந்தால், வழியில் உள்ள ரவுட்டர் "இது நுழையாது, சின்னதாக்கி அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தி திருப்பி அனுப்பும். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் ஃபயர்வாலில் பிங் தவிர மற்ற ஐசிஎம்பி செய்திகளை அடைத்துவைக்கிறார்களே, அங்கேதான் வினை! செய்தி போய்ச் சேராததால் அனுப்பும் கணினி அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறது. லாகின் ஆகும், பட்டியல் திறக்கும்போது உறையும். ரிமோட் டெஸ்க்டாப் இணையும், திரை கறுப்பாகவே நிற்கும். இந்த அடையாளங்களைக் கண்டால் முதல் சந்தேகம் எம்டியூ மேல், அதாவது பாதையில் நுழையக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவின் மேல்தான் விழ வேண்டும்.

சோதிப்பது எளிது. விண்டோஸில் பிங் கட்டளையோடு 'மைனஸ் எஃப்' சேர்த்தால் பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று பொருள். 'மைனஸ் எல்' போட்டு அளவைச் சொல்லலாம். 1472-இல் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பதில் வரும் மிகப் பெரிய எண்ணோடு 28-ஐக் கூட்டினால் உங்கள் பாதையின் உண்மையான எம்டியூ கிடைத்துவிடும். அதற்கேற்ப டனலில் டிசிபி எம்.எஸ்.எஸ். அளவை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவைக் கட்டுப்படுத்துங்கள். அஷூர் வி.பி.என். கேட்வேக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு 1350. இந்த எம்.எஸ்.எஸ். கட்டுப்பாடு டிசிபிக்கு மட்டும்தான் உதவும். யுடிபியில் ஓடும் பயன்பாடு இருந்தால் இன்டர்ஃபேஸ் எம்டியூவையும் குறைத்தாக வேண்டும்.

டனல் மணிக்கு ஒருமுறை கணக்காக அறுந்தால் அது வேறு கதை. டனலின் ரகசியச் சாவியை மாற்றும் நேரம் பல இடங்களில் 3600 வினாடி என்று இருக்கும். இரு முனைகளிலும் அந்த அமைப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபைல் காப்பி மட்டும் மந்தமா? உடனே அதிக வேக லைனுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். போய்வர 30 மில்லிவினாடி ஆகும் பாதையில், டிசிபி விண்டோ (பதிலுக்குக் காத்திராமல் ஒரே மூச்சில் அனுப்பும் அளவு) 64 கேபியிலேயே நின்றால், ஒரே இணைப்பு சுமார் 17 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவே முடியாது. லைன் 100 ஆனாலும் 500 ஆனாலும் இதே கதிதான். ஐபெர்ஃப் கருவியில் முதலில் ஒரு இணைப்பு, பிறகு எட்டு இணைப்பு என்று ஓட்டிப் பாருங்கள். எட்டும் சேர்ந்து லைனை நிரப்பினால் சேவை நிறுவனத்தின் மேல் குற்றமில்லை.

இன்று மாலை வீட்டுக்குக் கிளம்புமுன் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, உங்கள் நிறுவனத்தின் பொது ஐபி முகவரிகளில் 3389 வெளியிலிருந்து திறக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்வாலில் 'டெம்ப்', 'டெஸ்ட்' என்று பெயரிட்ட விதி ஒவ்வொன்றையும் யார், எதற்காகப் போட்டார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாததை இன்றே நிறுத்திவையுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் வி.பி.என். கணக்குகளை அழித்துவிடுங்கள்.