அடுப்பு: எது எரியும், எது கையைக் கடிக்கும்?

கண்ணாடி அடுப்பா, மேடையில் பதிக்கும் ஹாப்பா, தீயே இல்லாத இண்டக்‌ஷனா? கடையின் பளபளப்பை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றின் உண்மை முகமும் தெரிகிறது.

ஒரு காலத்தில் இந்தியக் குடும்பத்துக்கு அடுப்பு விஷயத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: காஸ் இணைப்பு எப்போது கிடைக்கும்? 1965இல் கல்கத்தாவில் இண்டேன் தன் முதல் இணைப்பை வழங்கியது. அதற்குப் பிறகு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக் கணக்கில் நீண்டது. எம்.பி.க்களின் ஒதுக்கீட்டில் கூப்பன் கிடைத்தவர் பாக்கியசாலி. சிலிண்டர் வீட்டில் வந்து இறங்கினால் போதும் என்றிருந்த அந்த நாளில் எந்த அடுப்பு என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பர்னர் வைத்த எவர்சில்வர் அடுப்பு, அவ்வளவுதான்.

இன்று அந்த வரிசை மறைந்து, குழப்பம் வந்திருக்கிறது. டெல்லி, மும்பை, பெங்களூர் என்று எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் கறுப்புக் கண்ணாடி மினுமினுக்கிறது. நான்கு பர்னர் அடுப்பு, கிரானைட் மேடையை வெட்டிப் பதிக்கும் ஹாப், தொட்டால் இயங்கும் இண்டக்‌ஷன், சிவந்து ஒளிரும் இன்ஃப்ராரெட் என வகைகள் ஏராளம். விற்பவர் பேசுவது அழகைப் பற்றி. ஆனால் தினம் மூன்று வேளை அதன் முன் நிற்கப் போகிறவருக்குத் தெரிய வேண்டியவை வேறு. வீட்டில் இருக்கும் பாத்திரங்கள் அதில் ஏறுமா? மாதச் செலவு கூடுமா, குறையுமா? மின்சாரம் போனால் என்ன கதி? வயதானவர் அடுப்பை அணைக்க மறந்தால்?

தீயின் பலம்

சாதாரண காஸ் அடுப்பின் பெரிய பலம், அது பாத்திரத்தில் பேதம் பார்ப்பதில்லை. பித்தளை, அலுமினியம், எவர்சில்வர், மண்சட்டி, கல்சட்டி எல்லாம் அதற்கு ஒன்றுதான். வடக்கே ஃபுல்கா உப்புவதும், வங்காளத்தில் கத்தரிக்காய் சுட்டுப் பிசைவதும், நம் வீட்டில் அப்பளம் சுடுவதும் நேரடித் தீயில்தான். தீயைக் கண்ணால் பார்த்தே கூட்டலாம், குறைக்கலாம். மின்வெட்டைப் பற்றிய கவலையும் இல்லை.

வீட்டு உபயோக எல்.பி.ஜி. அடுப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 4246. எரியும் வாயுவின் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத மலிவு அடுப்பில் இந்த உத்தரவாதம் கிடையாது. முத்திரை இருந்தாலும் அந்த 68 சதவீதம் காற்றடிக்காத பரிசோதனைக்கூடத்தில், பொருத்தமான பாத்திரத்தை வைத்து எடுத்த அளவு. மின்விசிறி சுழலும் சமையலறையில், பெரிய பர்னரில் சின்னக் கிண்ணத்தை வைத்தால் வெப்பத்தின் பெரும்பகுதி பாத்திரத்தின் பக்கவாட்டில் வழிந்து வீணாகும்.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் வாயு முழுமையாக எரியவில்லை என்று பொருள். பர்னரின் துளைகள் அடைத்திருக்கலாம், காற்று கலப்பது குறைந்திருக்கலாம். காசு வீணாவதோடு கார்பன் மோனாக்சைடும் அறையில் சேரும்.

ஊர் விட்டு ஊர் மாற்றலாகிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மும்பை, டெல்லி, குஜராத் நகரங்களில் பல குடியிருப்புகளுக்குக் குழாய் வழியே வருவது இயற்கை வாயு. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். இரண்டுக்கும் ஜெட்டின் துளை அளவு வேறு. சிலிண்டருக்கான ஜெட்டோடு குழாய் வாயுவில் எரித்தால் தீ நோஞ்சானாக இருக்கும். குழாய் வாயு ஜெட்டோடு சிலிண்டரில் எரித்தால் தீ ஆபத்தான உயரத்துக்கு எழும்பும். புது ஊரில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஜெட்டை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மேடைக்குள் புதைந்த அடுப்பு

ஹாப்பும் காஸ் அடுப்புதான். உடம்பு மேடைக்கு அடியில் ஒளிந்துகொள்ள, பர்னர்கள் மட்டும் மேலே தெரிகின்றன. துடைப்பது சுலபம். பாத்திரம் வைக்கும் உயரம் குறைவது இன்னொரு லாபம். சாதாரண அடுப்பு மேடையின் மேல் அரையடி வரை ஏறி உட்கார்ந்துகொள்வதால், குள்ளமான பெண்கள் தோளைத் தூக்கிக்கொண்டே குழம்பைக் கிளற வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் தோள்வலிக்கு மேடையின் உயரமும் ஒரு காரணம். அதை அளந்து பார்ப்பவர்கள் குறைவு.

ஹாப்பின் சிறந்த அம்சம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. நல்ல ஹாப்களில் பர்னரின் ஓரமாகச் சிறு உலோக முனை நீட்டிக்கொண்டிருக்கும். பால் பொங்கியோ, காற்றடித்தோ தீ அணைந்தால் அந்த முனை குளிர்ந்து, சில நொடிகளில் வாயு வருவதை நிறுத்திவிடும். பிள்ளைகள் வெளியூரில், பெற்றோர் மட்டும் தனியே இருக்கும் வீட்டுக்கு நான்காவது பர்னரைவிட இந்த முனை முக்கியம். சாதாரண அடுப்புகளில் பெரும்பாலானவற்றில் இது இல்லை. எல்லா ஹாப்களிலும் இருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

குறைகளும் உண்டு. மேடையை ஓர் அளவுக்கு வெட்டியபின் அடுத்த முறை வேறு நிறுவனத்தின் ஹாப் அந்தக் குழியில் உட்காராமல் போகலாம். வாடகை வீட்டுக்கு இது ஒத்துவராது. இரண்டடி அகல ஹாப்பில் நான்கு பர்னர் இருந்தாலும் குக்கர், வாணலி, தோசைக்கல் மூன்றும் ஏறியபின் நான்காவதற்கு இடம் இருக்காது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித் தேங்கும். எனவே ஹாப்புக்குக் கீழே இருக்கும் அலமாரி காற்றோட்டமில்லாத மூடிய பெட்டியாக இருக்கக் கூடாது.

கண்ணாடி மேற்பரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடேற்றிக் கடினமாக்கப்பட்ட இந்தக் கண்ணாடி எளிதில் உடையாது. உடைந்தால் ஒரே நொடியில் ஆயிரம் துண்டு. அகலமான பாத்திரம் தீயைக் கண்ணாடி மேல் திருப்பிவிடுவது, பர்னர் சரியாகப் பொருந்தாதது, சூடான வாணலியைக் கண்ணாடி மேலேயே இறக்குவது எல்லாம் அதை வதைக்கும். எவர்சில்வர் அடுப்பு அழகில் தோற்கும், ஆயுளில் ஜெயிக்கும்.

தீயில்லாமல் ஒரு சமையல்

இண்டக்‌ஷன் அடுப்பில் தீயும் இல்லை, சூடாகும் கம்பியும் இல்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் செம்புச் சுருளில் அதிவேகமாகத் திசை மாறும் மின்சாரம் பாய்கிறது. அதனால் உருவாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டி, பாத்திரத்தையே சூடாக்குகிறது. அடுப்பு சூடேறுவது பாத்திரத்தின் சூட்டினால்தான். செலவாகும் மின்சாரத்தில் சுமார் 85 சதவீதம் சமையலுக்குப் பயன்படுகிறது. தண்ணீர் கொதிக்கவும் பால் காயவும் குக்கர் வைக்கவும் இதற்கு ஈடில்லை. புடவைத் தலைப்பிலும் துப்பட்டாவிலும் தீப்பற்றும் அபாயமும் இல்லை.

ஆனால் இது பாத்திரத்தில் சாதி பார்க்கும் அடுப்பு. அடியில் காந்தம் ஒட்ட வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும். இரும்புத் தோசைக்கல் தட்டையாக இருந்தால் தேறும். அலுமினியக் குக்கர், பித்தளை உருளி, கல்சட்டி தேறாது. ஈயச்சொம்பு ரசத்துக்கும் வழியில்லை. எவர்சில்வரிலும் எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டுவதில்லை. அடுப்பு இரண்டாயிரம் ரூபாய் என்றால் புதுப் பாத்திரங்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

மின் இணைப்பையும் பார்க்க வேண்டும். 2,000 வாட் அடுப்பு சுமார் 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். மிக்சி செருகும் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் இதற்குப் போதாது. கீஸருக்குப் போடுவது போன்ற 16 ஆம்பியர் பாயின்ட் தேவை. மேடையில் பதிக்கும் நான்கு வட்ட இண்டக்‌ஷன் ஹாப் முழு வேகத்தில் 7,000 வாட்டையும் தொடக்கூடும். அதற்குத் தனி ஒயரிங்கும், மின்வாரியத்திடம் கூடுதல் லோடு அனுமதியும் வேண்டும். மின்வெட்டின்போது வீட்டு இன்வெர்ட்டர் கைகொடுக்காது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இரண்டடியாவது தள்ளி நிற்பது நல்லது. மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

இண்டக்‌ஷனின் சகோதரனைப் போலத் தோன்றும் இன்ஃப்ராரெட் அடுப்பு உண்மையில் வேறு ஜாதி. கண்ணாடிக்கு அடியில் கம்பிச்சுருள் செக்கச் சிவந்து எரிகிறது. தட்டையான அடி கொண்ட எந்தப் பாத்திரமும் சரி. ஆனால் சூடேற நேரமாகும், அணைத்தபின்னும் கண்ணாடி வெகுநேரம் சுடும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறக்கக் கூடாது. மின்சாரச் செலவும் இண்டக்‌ஷனைவிடக் கூடுதல்.

145 என்ற எண்

எது சிக்கனம் என்ற கேள்விக்கு ஊருக்கு ஒரு பதில். ஆனால் கணக்கை யாரும் போடலாம். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நல்ல அடுப்பில் அதில் 68 சதவீதம், அதாவது 123 யூனிட் அளவு, பாத்திரத்துக்குள் போகிறது. அதே வேலையை 85 சதவீதத் திறனுள்ள இண்டக்‌ஷனில் செய்ய 145 யூனிட் வேண்டும்.

எனவே உங்கள் சிலிண்டரின் விலையை 145ஆல் வகுத்துப் பாருங்கள். 870 ரூபாய் என்றால் விடை 6 ரூபாய். நீங்கள் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 6 ரூபாய்க்குக் குறைவாகக் கொடுத்தால் இண்டக்‌ஷன் லாபம், கூடுதலாகக் கொடுத்தால் காஸ் லாபம். மானியத்தில் 580 ரூபாய்க்குச் சிலிண்டர் வாங்கும் வீட்டுக்கு அந்த எல்லை 4 ரூபாய். இன்ஃப்ராரெட் அடுப்புக்கு 145க்குப் பதிலாக 170ஆல் வகுக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. சமையலுக்காகக் கூடும் யூனிட்டுகள் மொத்தக் கணக்கின் உச்சியில் போய்ச் சேரும். சராசரிக் கட்டணத்தைப் பார்த்து ஏமாறாமல், பில்லில் கடைசிப் படிக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். மறுபக்கம், காஸுக்குச் சாதகமாக இங்கே 68 சதவீதத் திறன் முழுவதும் கொடுக்கப்பட்டிருக்கிறது. பல சமையலறைகளில் அது கிடைப்பதில்லை.

நாட்டின் கணக்கும் இதில் கலந்திருக்கிறது. இந்தியா பயன்படுத்தும் எல்.பி.ஜி.யில் பாதிக்கும் மேல் இறக்குமதி. வளைகுடாவில் ஏதாவது நடந்தால் நம் அடுப்பில் சூடு குறையும். மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் 20 லட்சம் இண்டக்‌ஷன் அடுப்புகளை வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை 2023இல் தொடங்கியது சும்மா அல்ல.

புகைக்கு விடை

இந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே முடியாத வீடுகளையும் மறக்க முடியாது. விறகு, வறட்டிப் புகையை ஒழிக்க அரசு 1983இல் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி 2002இல் கைவிட்டது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்கு சிலிண்டரைக் கொண்டுசேர்த்தது. ஆனால் அடுத்த சிலிண்டருக்குக் காசில்லாதபோது விறகு திரும்பி வந்துவிடுகிறது. வீட்டுக்குள் சேரும் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

காஸும் முழுத் தூய்மை அல்ல. தீ எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. அது ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. தாளிப்புப் புகை இண்டக்‌ஷனிலும் வரும். எந்த அடுப்பானாலும் ஜன்னலும் எக்ஸாஸ்ட் விசிறியும் வேண்டும். புகையை வெளியே கடத்தாமல் வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் சிம்னியை நம்பி ஜன்னலைச் சாத்தக் கூடாது.

யாருக்கு எது?

மாற்றலாகும் உத்தியோகம், வாடகை வீடு என்றால் இரண்டு பர்னர் எவர்சில்வர் காஸ் அடுப்பு, கூடவே ஒற்றை இண்டக்‌ஷன். பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த ஜோடிதான் சிறந்தது: வேகவைப்பதும் கொதிக்கவைப்பதும் மின்சாரத்தில், வதக்குவதும் சுடுவதும் தீயில். ஒன்று கைவிட்டால் இன்னொன்று இருக்கிறது.

சொந்த வீட்டில் சமையலறையைப் புதிதாகக் கட்டுகிறவர்கள், தீ அணைந்தால் வாயுவை நிறுத்தும் வசதியுள்ள மூன்று பர்னர் ஹாப்பை வாங்கலாம்; பக்கத்திலேயே ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் போட்டுக்கொள்ள வேண்டும். மறதி தொடங்கிவிட்ட முதியவர்களுக்கு, நேரம் முடிந்தால் தானே அணையும் இண்டக்‌ஷன். அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் காஸ்தான் கதி. தனியாள் அறைக்கு, இருக்கும் பாத்திரத்தைப் பொறுத்து இண்டக்‌ஷன் அல்லது இன்ஃப்ராரெட்.

வாங்குமுன் கவனிக்க:

• காஸ் அடுப்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? பர்னர் பித்தளையா?

• உங்கள் குக்கரும் தோசைக்கல்லும் ஒரே நேரத்தில் அடுப்பில் உட்காருமா? அளவெடுத்துக்கொண்டு போங்கள்.

• இண்டக்‌ஷன் வாங்குவதற்கு முன் வீட்டுப் பாத்திரங்களின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

• உங்கள் ஊரில் பழுதுபார்க்க ஆள் உண்டா? உதிரிப் பாகம் கிடைக்குமா?

• ரப்பர் குழாயை மறக்காதீர்கள். எண்ணெய் நிறுவனங்கள் தரும் சுரக்ஷா குழாயின் ஆயுளே ஐந்து ஆண்டு. புது அடுப்பில் பழைய குழாயைச் செருகுவது வம்பை விலைக்கு வாங்குவது.

பெரும்பாலான வீடுகளில் அடுப்பை வாங்குகிறவர் ஒருவர், அதன் முன் வேகிறவர் இன்னொருவர். கடைக்குப் போவது இரண்டாமவராக இருந்தால் பாதித் தவறுகள் நடக்காது.