ஏழு ஈன்ற மாட்டுக்கு எட்டாவது ஊசி
தொழுவத்துக் கணக்கு – 14

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் ஒரு கலப்பின மாடு ஆறாவது, ஏழாவது ஈத்தைத் தாண்டியதும் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். இன்னொரு சினை ஊசி போடலாமா, இதோடு விட்டுவிடலாமா? பேச்சு முடிவதற்குள் மாடு பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்துவிடும். கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் போகும், ஊசியும் விழுந்துவிடும். இதை யாரும் எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது, தானாக நடந்துவிட்ட ஒன்று. அப்படி நடப்பதற்குக் காரணம் ஊசி மலிவு என்பதுதான். ஒரு மூட்டைத் தீவனத்தின் விலையோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. செலவெல்லாம் அதற்குப் பிறகு வருகிறது. சினை நிற்காமல் கழியும் ஒவ்வொரு 21 நாள் சுற்றும், சினை நின்றபின் வரும் ஏறத்தாழ 280 நாளும், அதில் பால் வற்றவிடும் கடைசி அறுபது நாளும் மாடு தின்றுகொண்டேதான் இருக்கும். மாட்டின் வயதைப் பார்த்து இந்த முடிவை எடுப்பது வீண் என்பதே என் கட்சி. போன ஈத்து எப்படிப் போனது என்பதைப் பார்த்து, கன்று போட்ட அறுபதாம் நாள் வாக்கில், அடுத்த ஊசிக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

வயது பயன்படாது என்பதற்கு முதல் காரணம், அது யாருக்கும் சரியாகத் தெரியாது என்பது. இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று எண்ணிக்கொண்டு போகலாம். எட்டுப் பல்லும் சேர்ந்து வாய் நிறைந்துவிட்டால், அதாவது ஐந்து வயதுக்கு மேல், தேய்மானத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். கொம்பு வளையத்தை எண்ணி இரண்டைக் கூட்டும் பழைய கணக்கு நாட்டு மாட்டுக்கு ஓரளவு சரிவரும். கன்றிலேயே கொம்பைச் சுட்டுவிட்ட ஜெர்சி கலப்பினத்தில் எண்ண எதுவும் இல்லை. கொம்பு இருந்தாலும் மதகடிப்பட்டு சந்தைக்கு வருவதற்குள் வளையத்தைச் சுரண்டிவிடத் தெரிந்த கைகள் உண்டு. ஈத்துக் கணக்கு மட்டும் வீட்டுக்காரர் நினைவில் பிசகாமல் இருக்கும்.

இரண்டாவது காரணம் உடலியல் சார்ந்தது. பசு ஏறத்தாழ இருபது வயதுவரை வாழக்கூடிய விலங்கு. அமெரிக்கப் பெரும் பண்ணைகளில் ஒரு மாடு சராசரியாக மூன்று ஈத்துக்கூட நிற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே மாட்டைக் கழிப்பதற்கு முக்கியக் காரணங்கள் சினை நிற்காமை, மடிநோய், கால் ஊனம் ஆகியவை. மறுகோடியில், அயர்லாந்தில் 1993-இல் இறந்த பிக் பெர்த்தா என்ற பசு 48 வயதுவரை வாழ்ந்து 39 கன்று ஈன்றதாக கின்னஸ் பதிவு இருக்கிறது. அதை நம்பி யாரும் ஊசி போட வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதை வருட எண்ணிக்கை சொல்லாது. குதிரை வளர்ப்பவர்களிடம் இதில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. பெண் குதிரைக்குப் பதினைந்து வயதைத் தாண்டினால் சினை பிடிப்பது குறையும், பிடித்த கரு ஆரம்பத்திலேயே கலைவது கூடும். அதனால் வயதான குதிரையைச் சேர்க்கைக்கு விடுமுன் கருப்பைச் சுவரில் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது அங்கே நெடுநாள் வழக்கம். நம் மாட்டுக்கு அந்த அளவு வேண்டாம். மருத்துவர் கைவிட்டுக் கருப்பையையும் சினைப்பையையும் தடவிப் பார்ப்பதும், பருவத்தில் வடியும் கோழை கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறதா, சீழ் கலந்து கலங்கியிருக்கிறதா என்று கவனிப்பதுமே போதும். இதற்கு ஆகும் நேரம் சில நிமிடம். குரும்பாபேட்டில் 1994-இலிருந்து ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இயங்கும் ஊரில், இந்தச் சில நிமிடம் கிடைக்காத பொருள் அல்ல. நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

போன ஈத்தில் எதைப் பார்ப்பது? முதலில் பால் காய்ச்சல். கன்று போட்ட ஓரிரு நாளில் மாடு தள்ளாடிப் படுத்து, காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டால் அது இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து சரிந்ததன் அடையாளம். இளம் மாடு திடீர்த் தேவைக்குத் தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பைச் சட்டென்று எடுத்துக்கொள்ளும். ஈத்து ஏற ஏற அந்தச் சுறுசுறுப்பு மங்கும், குடலும் தீவனத்திலிருந்து முன்போல் உறிஞ்சாது. ஜெர்சி இரத்தம் உள்ள மாட்டில் ஆபத்து இன்னும் கூடுதல். ஒரு முறை வந்த மாட்டுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். கால்சியம் நரம்பில் ஏற்றினால் எழுந்துவிடும் என்று இதை இலேசாகப் பேசுகிறோம். ஆனால் சுண்ணாம்புச்சத்து குறைந்த மாட்டில் கருப்பைத் தசையும் சோர்கிறது. கன்று வெளிவரத் தாமதம், நஞ்சுக்கொடி தங்குதல், கருப்பையே வெளியே தள்ளிவிடுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும். நஞ்சு விழாமல் கருப்பையில் சீழ் பிடித்த மாடு அடுத்த சினைக்கு மாதக்கணக்கில் தாமதிக்கும். ஆகவே போன முறை இந்த வரிசையில் ஒன்றிரண்டு வந்திருந்தால், மாட்டுக்கு எத்தனை வயதாக இருந்தாலும் பதில் ‘வேண்டாம்’ என்றே சொல்வேன். அடுத்தது மடி. தரையைத் தொட்டுவிடும்போல் தொங்கும் மடியும் கல்லாகிப்போன ஒரு காம்பும் இன்னொரு ஈத்தில் சரியாகிவிடப் போவதில்லை. மூன்றாவது, பல்லும் உடம்பும். பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் விளையும் பூமி. மாட்டின் வயிற்றை நிரப்புவது பெரும்பாலும் வைக்கோல். தேய்ந்த பல்லால் வைக்கோலை மென்று அசைபோட முடியாத மாடு, சினைக்கும் பாலுக்கும் சேர்த்துத் தன் உடம்பைத்தான் கரைக்கும். விலா எலும்பு எண்ணும்படி இருக்கும் மாட்டுக்குப் போடும் ஊசி பெரும்பாலும் வீண்தான். நறுக்கிய தீவனமும் தாது உப்பும் கொடுத்து முதலில் உடம்பைத் தேற்றிவிட்டுத்தான் ஊசியைப் பற்றியே பேச வேண்டும்.

நான்காவது, எத்தனை ஊசிக்குச் சினை நின்றது என்பது. எல்லாவற்றையும் சுருக்கிச் சொல்லிவிடும் எண் இதுதான். 13 மாதத்துக்கு ஒரு கன்று போடும் மாடு பத்து மாதம் கறந்தால், நான்கு நாளில் மூன்று நாள் சங்கத்துக்குப் பால் போகிறது. ஊசி மேல் ஊசி தவறி 18 மாதத்துக்கு ஒரு கன்று என்று ஆகிவிட்டால், அதே பத்து மாதக் கறவை இரண்டு நாளுக்கு ஒரு நாளைவிடச் சற்றே அதிகம் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. கறவையை இழுத்துப் பிடித்தாலும் கடைசி மாதங்களில் வருவது அடிச்சொம்புப் பால். புதுச்சேரிக் கூட்டுறவுப் பால் நிறுவனமான பாண்லே உள்ளூர்ப் பால் போதாமல் வெளியிலிருந்தும் வாங்குகிறது. அதாவது பாலுக்குத் தேவை எப்போதும் இருக்கிறது. தட்டுப்பாடு தீவனத்திலும் இடத்திலும்தான். வில்லியனூரைச் சுற்றி மேய்ச்சல் நிலம் மனையாகிக்கொண்டிருக்கிறது, ஒரு தொழுவத்தில் நிற்கக்கூடிய மாடு இரண்டோ மூன்றோதான். நிற்காத சினைக்காகக் காத்திருக்கும் மாடு, கறக்கக்கூடிய இன்னொன்றின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு என்று தெரியும். வலுவான மறுப்பு வம்சத்தைப் பற்றியது. இத்தனை வருடம் வீட்டைத் தாங்கிய மாடு, அதன் வயிற்றில் ஒரு கிடேரியாவது நிற்க வேண்டாமா என்பார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏழு ஈத்து நோயில்லாமல் நின்ற மாடு தன் தகுதியைக் காட்டிவிட்டது. இதுவரை ஈனாத இளங்கிடேரியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பல ஈன்ற மாட்டின் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள் தலை ஈத்து மாட்டைவிடப் பொதுவாக அதிகம், கன்றும் வாட்டசாட்டமாகப் பிறக்கும். ஆனால் பால் அளவில் மரபுவழி வருவது ஏறத்தாழ கால் பங்கு. நீடித்து நிற்கும் தன்மையிலும் சினைத் திறனிலும் அது இன்னும் குறைவு. மற்றதெல்லாம் தீவனமும் பராமரிப்பும். தாயிடமிருந்து வருவது பாதி, ஊசிக்குழலில் இருக்கும் காளையிடமிருந்து வருவது பாதி. கிடேரி பிறக்கும் வாய்ப்பும் பாதிதான். பாலினம் பிரித்த விந்து ஊசி போட்டால் பத்துக்கு ஒன்பது கிடேரி என்பது உண்மை. ஆனால் அதில் சினை பிடிக்கும் விகிதம் சாதாரண ஊசியைவிடக் குறைவு என்பதால் கிடேரிகளுக்கும் இளம் மாடுகளுக்கும்தான் அதைப் பரிந்துரைக்கிறார்கள். சினைப் பிடிப்பில் ஏற்கெனவே தடுமாறும் மாட்டுக்கு அது ஏற்றதல்ல. எல்லாம் கூடி வந்தாலும், இன்று போட்ட ஊசியில் பிறக்கும் கிடேரி தானே கன்று போட்டுக் கறக்க மூன்று வருடத்துக்கு மேலாகும். இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது, கேட்டால் கோபம் வரும். ஏழு ஈத்தில் மூன்று கிடேரியாவது பிறந்திருக்குமே, அவை எங்கே? அவற்றை விற்ற வீட்டில் எட்டாவது கன்று மட்டும் தங்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. வம்சம் வேண்டும் என்பவர் அதை மூன்றாம் நான்காம் ஈத்திலேயே செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடினமானது. ஊசி போடாவிட்டால் மாட்டை என்ன செய்வது? புதுச்சேரியில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் பசுவதையைத் தடை செய்கிறது. சட்டத்துக்கு முன்பே பல வீடுகளில் மனம் தடை செய்கிறது. ஆனாலும் சினை இல்லாத மாட்டை உடனே வெளியேற்ற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இங்கே பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. சினையான மாட்டுக்கு ஐந்தாம் மாதத்திலிருந்து பால் சரிய ஆரம்பிக்கும், வயிற்றுக் கன்று தன் பங்கை எடுத்துக்கொள்வதால். ஊசியே போடாத மாட்டில் அந்தச் சரிவு இல்லை. நல்ல தீவனம் இருந்தால் ஒன்றேகால், ஒன்றரை வருடம்வரை ஒரே கறவையை நீட்டலாம். வற்றவிடும் அறுபது நாளும் கன்று ஈனும் ஆபத்தும் மிச்சம். கறவை தீவனச் செலவைத் தாங்காத நாள் வரும்போது மாட்டை வைத்துக் காப்பாற்றுவதா, விற்பதா என்பது அவரவர் வசதி. அந்த முடிவுக்குத் தயாராக ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கிறது. இதற்கிடையில் இரண்டு பல் கிடேரி ஒன்றை வளர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு மாடு வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு இடையில் பால் நிற்கும் மாதங்கள் கடன் மாதங்கள். போன ஈத்து சுத்தமாகப் போயிருந்தால் அவர் எட்டாவது ஊசி போடுவதில் தவறே இல்லை. மார்கழி, தை, மாசிக் குளிரில் போட்டால் கத்திரி வெயிலில் போடுவதைவிடச் சினை நிற்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். தை ஊசிக்கு ஐப்பசி மழையில்தான் கன்று விழும் என்பதால் சேறில்லாத தரையை முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

மூன்றாவது காரணத்தை யாரும் மறுப்பாகச் சொல்வதில்லை, ஆனால் பல ஊசிகளுக்குப் பின்னால் இருப்பது அதுதான். வற்றிய கிழ மாட்டுக்குச் சந்தையில் விலை இல்லை, ஏழு மாதச் சினைக்கு உண்டு. ஆகவே சினையாக்கி விற்றுவிடு. மேலே சொன்ன பால் காய்ச்சலும் நஞ்சுக்கொடியும் மறைந்துவிடுவதில்லை, வாங்குபவர் தொழுவத்துக்கு இடம் மாறுகின்றன. வாங்குபவர் யார்? இளம் மாடு வாங்கப் பணம் போதாத, முதல் மாடு வாங்கும் குடும்பம்தான் பெரும்பாலும். பாகூரைச் சுற்றிக் கடலூர் மாவட்டம் இருப்பதால் மாடு ஒரு சந்தையைக் கடந்தால் மாநிலமும் கடந்துவிடும். திரும்பிப் போய்க் கேட்க ஆள் அகப்படாது. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது பல்லைத் தட்டிப் பார்ப்பவர்கூட, போன ஈத்தில் நஞ்சு விழுந்ததா என்று கேட்பதில்லை.

அதைக் கேட்க இப்போது ஒரு பிடி இருக்கிறது. மாட்டின் காதில் குத்தியிருக்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணோடு ஊசி போட்ட தேதியையும் சினைப் பரிசோதனையையும் கன்று ஈன்றதையும் கணினியில் ஏற்ற ஏற்பாடு உண்டு. ஊசி போடும் ஒவ்வொரு முறையும் அதை ஏற்றச் சொல்லி வீட்டுக்காரர் கேட்க வேண்டும், கூடவே ஈத்து எண்ணையும் போன ஈத்தின் கோளாறையும் மருந்தகச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சந்தையில் வாங்குபவர் அந்தச் சீட்டைக் கேட்கட்டும். சீட்டு இல்லாத சினைமாட்டுக்கு, வற்றிய மாட்டின் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை.