தீ அணைந்த பிறகு: அன்றும் இன்றும்

அன்று காவேரிப்பாக்கம் போன்ற ஊர்களில் அடுக்களைத் தீ என்றால் மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். புடவையில் பற்றிய தீயை அணைத்ததும் புண்ணின் மேல் பேனா மையையோ இட்லி மாவையோ ஊற்றுவார்கள். பிறகு வண்டி பிடித்து மேற்கே வேலூருக்கோ கிழக்கே சென்னைக் கீழ்ப்பாக்கத்துக்கோ ஓடுவார்கள். இன்று பெரும்பாலான வீடுகளில் காஸ் அடுப்பு. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ்.

அன்று மருத்துவமனையில் வாழை இலையில் கிடத்தி, மேலே கொசுவலை கட்டுவார்கள். கருகிய தோல் தானாகக் கழன்று விழும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். முதல் நாள் தெளிவாகப் பேசி, காபி கேட்டு வாங்கிக் குடித்தவர் பத்தாம் நாள் இறந்துபோவார். ‘செப்டிக் ஆயிடுச்சு’ என்பார்கள். தீதான் அணைந்துவிட்டதே, பின் எதனால் போனார் என்பது வீட்டாருக்கு விளங்காது.

இன்று அதற்கு விடை இருக்கிறது. பெரிய தீக்காயம் பட்டதும் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் காயத்தோடு நிற்காமல் உடல் முழுவதும் போர் தொடுக்கிறது. ரத்தக் குழாய்கள் கசிகின்றன, முகம் வீங்குகிறது, நுரையீரலும் சிறுநீரகமும் தளர்கின்றன. அதே சமயம் எதிர்ப்பு அணுக்கள் சோர்ந்து, செயலிழக்கத் தொடங்குகின்றன. தோல் என்னும் காவலும் போய்விட்டதால் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன.

இது தெரிந்ததால் மருத்துவமும் மாறியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு உடலில் 40 சதவீதம் எரிந்திருந்தால், 1960களின் இறுதியில் வந்த பார்க்லாந்து கணக்குப்படி முதல் நாளில் 9.6 லிட்டர் திரவம் ஏற்றவேண்டும்; அதில் பாதியைத் தீப்பட்ட நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள். கருகிய தோலை முதல் சில நாட்களிலேயே வெட்டி எடுத்து, நல்ல தோலை ஒட்டுகிறார்கள். அன்று மேலைநாடுகளிலும் உடலில் பாதி எரிந்த இளைஞர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தார்கள். இன்று சிறந்த மையங்களில் முக்கால் பங்கு எரிந்தவர்கள்கூடப் பிழைப்பதுண்டு.

இழந்தவையும் உண்டு. அன்று கட்டிலைச் சுற்றி உறவுகள் இருந்தார்கள். அம்மா விசிறிக்கொண்டே கதை சொல்லலாம். இன்று கிருமிக்கு அஞ்சி அவளைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துகிறோம், நிறுத்துவதுதான் சரி. அன்று மருந்துகள் குறைவு. ஆனால் பல கிருமிகள் அவற்றுக்குக் கட்டுப்பட்டன. இன்று மருந்துகள் பல. தீக்காயப் பிரிவுகளைப் பிடித்த சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகளோ பலவற்றுக்கும் அடங்குவதில்லை. நோயின் வழி தெரிந்த காலத்தில் மருந்தின் வலு குறைந்துவிட்டது.

ஆகவே முதல் ஒரு மணி நேரம் இன்றும் நம் கையில்தான் இருக்கிறது. தீக்காயத்தின் மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள், ஐஸ் வேண்டாம். மையும் மாவும் பற்பசையும் வேண்டவே வேண்டாம். சுத்தமான துணியால் மூடுங்கள். காயம் பெரிதென்றால் தண்ணீர் ஊற்றும்போதே 108ஐ அழையுங்கள்.