ஞாபகத் தாள்: சலுகையா, களவா?



தவணைப் பரீட்சை நெருங்கினால் போதும், சில வீடுகளில் அழுகைச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். இராத்திரி உட்கார வைத்துப் பாடமாக்கிக் கொடுத்தது காலையில் இல்லை. உம்மா கேட்கும்போது தடுமாறித் தடுமாறியாவது சொன்ன பிள்ளை, வினாத்தாளைக் கண்டதும் ஒன்றும் எழுதாமல் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறது. "மூளை இல்லை" என்கிறார் வாப்பா. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்கிறார் மாமி. பிரம்பும் வெளியே வருகிறது.

இப்படியான பிள்ளைகளில் சோம்பேறிகளும் இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பகுதியினருக்கு இருப்பது உண்மையான குறைபாடு. வாசிப்பு இடர்பாடு உள்ள பிள்ளைகள், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாத பிள்ளைகள், தலையில் அடிபட்டவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், அதற்கென நீண்ட காலம் மருந்து குடிப்பவர்கள் ஆகியோரில் பலருக்குப் படித்தது உள்ளே இருக்கும். வேண்டிய நேரத்தில் அதை வெளியே எடுக்க வராது. அலமாரியில் பொருள் இருக்கிறது, சாவியைத்தான் காணவில்லை.

1974ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பெட்லி, ஹிட்ச் என்ற இரு உளவியலாளர்கள், ஒரு வேலையைச் செய்யும்போது தேவையான விடயங்களைச் சற்று நேரம் மனத்தில் ஏந்தி வைத்திருக்கும் ஆற்றலைப் பற்றி விரிவாக எழுதினார்கள். 'செயல்படு ஞாபகம்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் அகப்பையையும் வைத்துக்கொண்டு வாசலில் வந்தவருக்கும் பதில் சொல்கிறீர்களே, அதுபோன்ற ஆற்றல் அது. சிலருக்கு அந்தக் கை சிறியது. வினாவை வாசித்து விளங்கும் முன்பே சூத்திரம் கை தவறி விழுந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட மாணவர்களுக்காகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 'மெமரி எயிட்' என்பார்கள். நாம் ஞாபகத் தாள் என்போம். பெரும்பாலும் ஒரேயொரு தாள்தான். மாணவரே அதைத் தயாரிக்க வேண்டும். தலைச்சொற்கள், முதலெழுத்துக் கோவைகள், சிறு படங்கள், சூத்திரங்கள் போன்றவற்றை அதில் குறிக்கலாம். முழு விடையையோ, பாடக் குறிப்பையோ, செய்து முடித்த கணக்கையோ எழுத முடியாது. பரீட்சைக்கு முன்கூட்டியே அதை விரிவுரையாளரிடம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். கூடாதது ஏதும் இருந்தால் அவர் வெட்டிவிடுவார். பரீட்சை முடிந்ததும் விடைத்தாளோடு சேர்த்து அதையும் ஒப்படைக்க வேண்டும். கேட்டவருக்கெல்லாம் இது கிடைக்காது. ஞாபகத்தைப் பாதிக்கும் குறைபாடு உண்டென்பது உரிய மருத்துவ அல்லது உளவியல் சான்றுகளால் தெரியவேண்டும். அந்த மாகாணத்தின் மனித உரிமைச் சட்டக் கோவை, அங்கவீனம் உள்ளவருக்கு நியாயமான வசதி செய்து கொடுப்பதைக் கல்வி நிறுவனத்தின் கடமையாக வைத்திருப்பதே இதற்கு அடிப்படை.

"அப்படியானால் பார்த்து எழுதுவதுதானே? படித்த பிள்ளைக்கு இது அநியாயம் இல்லையா?" என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். என் சக ஆசிரியர்களும் இதையேதான் கேட்டார்கள்.

தராவீஹ் தொழுகையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஹாபிழ் ஓதிக்கொண்டே வருகிறார், ஓரிடத்தில் நின்றுவிடுகிறார். பின்னால் நிற்பவர் ஒரே ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கிறார். அவ்வளவுதான், அடுத்த ஒரு பக்கம் தங்கு தடையின்றி ஓடுகிறது. அதே சொல்லைக் குர்ஆனை மனனம் செய்யாத ஒருவருக்கு எடுத்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. அந்தச் சொல்லோடு நிற்பார். எடுத்துக் கொடுத்தபடியால் ஹாபிழின் மனனம் பொய்யாகிவிட்டது என்று எந்த ஜமாஅத்தாவது சொன்னதுண்டா?

குர்ஆன் மத்ரஸாவில் தஜ்வீத் படித்த சகோதரிகளுக்கு 'யர்மலூன்' நினைவிருக்கும். இத்காமுடைய ஆறு எழுத்துக்களையும் கோத்த ஒரு சொல் அது. கல்கலாவுக்குக் 'குத்பு ஜத்' என்று படித்தோம். ஞாபகத் தாளில் எழுதப்படுவது இந்த மாதிரியான சரக்குத்தான். தாளில் 'யர்மலூன்' என்று எழுதிக் கொண்டுபோன மாணவி இத்காம் என்றால் என்னவென்றே படிக்காதவளானால், அந்தச் சொல்லை வைத்து ஒரு புள்ளியும் எடுக்கமாட்டாள். படித்தவளுக்கு அது பூட்டைத் திறக்கும்.

அரபுக் கல்லூரிகளில் நாங்கள் கற்ற நூல்களில் பாதி இப்படிப்பட்டவையே. இப்னு மாலிக் (ரஹ்) அவர்கள் அரபு இலக்கணத்தை ஏறக்குறைய ஆயிரம் அடிகளில் பாட்டாக்கித் தந்தார்கள். ஏன்? வசனமாக இருந்தால் மனத்தில் நிற்காது என்பதற்காக. இவர்களுக்கு முன்னரே வாழ்ந்த இமாம் ஷாதிபி (ரஹ்) அவர்களைப் பற்றி நம் பெண்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அந்தலூஸ் தேசத்தில் பிறந்து, ஹிஜ்ரி 590இல் (கி.பி. 1194) கெய்ரோவில் வபாத்தானவர்கள். பார்வையற்றவர்கள். ஏழு கிராஅத்களையும் 1173 அடிகளில் பாடி வைத்தார்கள். அதில் காரிகளின் பெயர்களைச் சொல்லாமல் எழுத்துக்களால் குறித்தார்கள்: அலிப் என்றால் நாபிஃ, பா என்றால் காலூன், ஜீம் என்றால் வர்ஷ், இப்படியே போகும். எண்ணூறு வருடங்களுக்கு மேலாகியும் உலகெங்கும் கிராஅத் படிப்பவர்கள் அந்தக் குறியீட்டை வைத்தே படிக்கிறார்கள். கண் தெரியாத ஓர் இமாம் ஆக்கித் தந்த ஞாபகத் தாள் என்றே நான் அதைச் சொல்வேன்.

மார்க்கம் காட்டும் வழி

நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பதை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களின் ஹதீஸ் மூலம் அறிவோம். முழங்கால் வருத்தத்தோடு கதிரையில் இருந்து தொழும் உம்மும்மாவைப் பார்த்து, "நாங்கள் நின்று தொழுகிறோம், இவருக்கு மட்டும் இலேசா?" என்று யாரும் கேட்பதில்லை. முழங்காலின் வருத்தம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஞாபகத்தின் வருத்தம் தெரிவதில்லை. வித்தியாசம் அவ்வளவே.

ஞாபகத்தைப் பற்றியே ஒரு ஹதீஸ் உண்டு. ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம்மால் குர்ஆனில் எதையும் பாடமாக்க முடியவில்லை, அதற்குப் பகரமாகப் போதுமானதைக் கற்றுத் தாருங்கள் என்று கேட்டார். அண்ணலார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, போய் இன்னும் முயற்சி செய் என்று திருப்பி அனுப்பவுமில்லை. தஸ்பீஹ், தஹ்மீத், தஹ்லீல், தக்பீர் ஆகியவற்றைக் கற்றுக் கொடுத்தார்கள். அபூதாவூதில் இது பதிவாகியிருக்கிறது.

ஆயிஷா (ரழி) அவர்களுடைய அடிமையாக இருந்த தக்வான் என்பவர் முஸ்ஹபைப் பார்த்து ஓதி அன்னையவர்களுக்குத் தொழுவித்தார் என்பதைப் புகாரி இமாம் குறிப்பிடுகிறார்கள். ஹனபி மத்ஹபில் இதற்கு வேறு கருத்து உண்டு. நமது ஷாபிஈ மத்ஹபிலோ, பார்த்து ஓதுவதால் தொழுகை முறியாது. அதற்கு மேலும் ஒரு படி சென்று, பாத்திஹா மனனமில்லாதவர் முஸ்ஹபைப் பார்த்து ஓதுவது அவர் மீது கட்டாயமே ஆகிவிடுகிறது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அல்மஜ்மூஃ என்ற தமது நூலில் எழுதுகிறார்கள். தொழுகையின் உள்ளேயே இந்த நிலை என்றால், எட்டாம் வகுப்புக் கணித வினாத்தாளை என்னவென்று சொல்வது?

ஹதீஸ் கலையிலும் இதே நியாயம் உண்டு. அறிவிப்பாளரின் திருத்தத்தை இமாம்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: நெஞ்சில் சரியாகப் பேணுதல், ஏட்டில் சரியாகப் பேணுதல். இரண்டுமே ஏற்கப்பட்டன. யெமனைச் சேர்ந்த அப்துர் ரஸ்ஸாக் (ரஹ்) அவர்கள் பிற்காலத்தில் பார்வை இழந்தபோது, தமது ஏட்டைத் தாமே பார்க்கமுடியாத நிலை வந்தது. அவர்களிடம் அதற்கு முன்னர் கேட்டவர்களின் அறிவிப்பை இமாம்கள் கூடுதலாக நம்பினார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களைவிட மனன சக்தி உள்ளவரைக் காண்பது அரிது. அவர்களே ஏட்டைப் பார்த்துத்தான் ஹதீஸ் சொல்வார்கள் என்று அலீ இப்னுல் மதீனி (ரஹ்) வியந்திருக்கிறார்கள்.

ஆனாலும் எல்லை ஒன்று உண்டு. ஹிப்ழ் பரீட்சைக்கு வரும் மாணவர் தாள் கொண்டு வரமுடியாது. அங்கே சோதிக்கப்படுவதே மனனம்தான். ஒன்டாரியோவிலும் இதே விதி: குறித்த பாடத்தில் எதை மனத்திலிருந்து சொல்லியே ஆக வேண்டுமோ, அதைத் தாளில் எழுத விரிவுரையாளர் விடமாட்டார். ஆகவே வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர் முதலில் தன்னைத்தானே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றிருக்கிறது: நான் சோதிப்பது என்ன? ஸக்காத்தின் சட்டங்களை விளங்கிப் பிரயோகிக்கத் தெரியுமா என்று பார்க்கிறேனா, அல்லது எட்டுக் கூட்டத்தாரின் பெயர்கள் வரிசையாக வருமா என்று பார்க்கிறேனா? முதலாவதுதான் நோக்கமென்றால் எட்டுப் பெயர்களின் தலைச்சொல் தாளில் இருப்பதால் எதுவும் குடி முழுகிவிடாது.

உண்மையில் நாமெல்லோருமே இந்த உதவியை வேறு பெயரில் அனுபவித்தவர்கள்தாம். சாதாரண தரக் கணிதப் பரீட்சையில் எல்லாருக்கும் மடக்கை அட்டவணை கொடுத்தார்கள். உயர்தர இரசாயனவியல் வினாத்தாளோடு ஆவர்த்தன அட்டவணை வருகிறது. அதை யாரும் களவு என்பதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைக்கு

இலங்கையில் அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டிலேயே (28ஆம் இலக்கம்) வந்துவிட்டது. ஐக்கிய நாடுகளின் அங்கவீனமுற்றோர் உரிமைச் சமவாயத்தை நம் நாடு 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தேசியப் பரீட்சைகளில் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம், எழுதிக் கொடுப்பவரின் உதவி போன்ற ஏற்பாடுகளும் உள்ளன. அதிபர் மூலமாக, மருத்துவச் சான்றோடு, காலம் பிந்தாமல் கேட்க வேண்டும். ஞாபகத் தாளைத் தொடங்கிப் பார்க்க உகந்த இடம் வகுப்புப் பரீட்சையும் பாடசாலை மட்டக் கணிப்பீடுமே. அங்கே ஆசிரியருக்கும் அதிபருக்கும் கையில் அதிகாரம் இருக்கிறது.

கேட்பதற்குத்தான் நாம் தயங்குகிறோம். என்னிடம் இஸ்லாம் பாடம் படித்த ஒரு மாணவி வலிப்புக்கு மருந்து குடித்து வந்தாள். அது வெளியே தெரிந்தால் நாளைக்குக் கலியாணப் பேச்சு தடைப்படும் என்று வீட்டார் மூன்று வருடம் மறைத்தார்கள். அந்த மூன்று வருடமும் பிள்ளைக்குக் கிடைத்த பெயர் 'மொக்கு'. விடயம் தெரிந்த பின்னர் வகுப்புச் சோதனையில் வினாக்களின் பக்கத்தில் தலைச்சொல் ஒவ்வொன்று எழுதிக் கொடுத்தேன். ஹதீஸின் கருத்தை முழுமையாக எழுதினாள். எழுதவே தெரியாது என்று நாங்கள் எண்ணியிருந்த பிள்ளை இரண்டாவது தாள் கேட்டு எழுந்து வந்தாள்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். இதை வாசித்துவிட்டுப் பிள்ளையின் கொம்பஸ் பெட்டிக்குள் துண்டு வைத்து அனுப்பிவிடாதீர்கள். அனுமதியில்லாத தாள் களவேதான். பிடிபட்டால் பெறுபேறும் போகும். முதலில் சிறுவர் நோய் வைத்திய நிபுணரிடமோ, அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ காட்டுங்கள். கண்ணையும் காதையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியையிடம் நீங்களே போங்கள், முடிந்தால் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு.

அனுமதி கிடைத்தால் தாளைப் பிள்ளையே எழுதட்டும். உம்மா அழகாக எழுதிக் கொடுக்கும் தாள் உம்மாவின் ஞாபகத்தைத்தான் எழுப்பும். எழுத வராத சின்னப் பிள்ளை படம் கீறட்டும். ஒரே பக்கம் போதும். நெருக்கி எழுதினால் தேடுவதிலேயே நேரம் போய்விடும். இரண்டு வாரத்துக்கு முன்னரே ஆசிரியையிடம் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். பிறகு அதே தாளை வைத்துக்கொண்டு பழைய வினாத்தாள் ஒன்றை வீட்டில் செய்யச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் அமைதியாக இருந்து கவனியுங்கள். எந்தக் குறிப்பைப் பார்த்தது, எதைத் தொடவேயில்லை, எங்கே பேனையைக் கடித்துக்கொண்டு நின்றது என்று தெரியவரும். தொடாததை அழித்துவிட்டு, நின்ற இடத்துக்கு ஒரு சொல்லைப் பிள்ளையிடமே கேட்டு எழுத வையுங்கள். மாற்றிய தாளுக்கு மீண்டும் ஆசிரியையின் கையொப்பம் வேண்டும்.